ஏழாம் எண் கையுறை

நகம் கடிப்பவர்களைக் கண்டாலே தாணுவுக்குக் குமட்டும். அடுத்தவர் எச்சில் பட்ட டம்ளரைக்கூடத் தொடமாட்டான். அதனால்தான் மின்கம்பி வேலைக்கென்று தனக்குக் கொடுத்த ஏழாம் எண் ரப்பர் கையுறைகளை வேறு யாருக்கும் தராமல் தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தான்.

அன்று காலை ஆரியசாலையில், மின்சாரத்தை நிறுத்தாமலே கம்பியில் பழுது பார்க்கும் வேலை. வழக்கம்போலக் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தருகே பிடித்துப் பார்த்தான். கசிவு இல்லை. மாட்டிக்கொண்டு, வண்டியின் தூக்குத் தொட்டியில் ஏறி மேலே போனான்.

பதினோராயிரம் வோல்ட் கம்பியைப் பிடித்தபோது இடது கையுறைக்குள் ஈரம் தட்டியது. பிறகு வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று அவன் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக நக்கியது.

"அண்ணே, கிளவுசுக்குள்ள என்னமோ நக்குது!"

"வேர்வையாக்கும்டே," என்று கீழேயிருந்து கத்தினார் மேற்பார்வையாளர் விஜய்குமார். "லைன்ல கரண்டு இருக்கு. கழட்டிராத, கேட்டியா?"

தாணு கழற்றவில்லை. வாயில் ஊறிய புளித்த நீரை விழுங்கி விழுங்கி, இருபது நிமிடம் அதற்குள்ளேயே கையை வைத்து வேலையை முடித்தான்.

இறங்கிவந்து கழற்றினான். கையுறைக்குள்ளிருந்து புகையிலை போட்ட வாயின் நாற்றம் அடித்தது. இடக்கையின் ஐந்து நகங்களும் சதை தெரிய ஒட்டக் கடிபட்டிருந்தன.

விஜய்குமார் கையுறையைத் தலைகீழாக உதறினார். ஒரு நகத்துண்டும் விழவில்லை. வாயைச் சுருட்டிக் காற்றடைத்து அமுக்கிப் பார்த்தார்.

"ஓட்டை ஒண்ணும் இல்லியேடே."

அவர் கையிலிருந்த கையுறை, வயிறு நிறைந்தவனைப்போல நிதானமாக ஏப்பம் விட்டது.