நாற்பத்தொன்றாம் பக்கம், ஏழாவது வரி

தன் பெயரை அச்சில் அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆய்வேட்டுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

'சீனியம்மாள் பாடிய நடவுப் பாட்டு, ஏழாவது வரி. சுரக்குறிப்பு: ரா. மங்கையர்க்கரசி. வெளியிடப்படாத கையெழுத்துப் படி, ப. 41.'

கண் மருத்துவமனையின் கேன்டீன். மதிய இடைவேளை முடிய இருபது நிமிடம் இருந்தது. அதன்பிறகு அவள் பதிவுக் கவுன்டருக்குத் திரும்ப வேண்டும்.

எதிரே ஞானமுத்து உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் இசை ஆசிரியர். ஐம்பத்திரண்டு வயதில் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்திருந்தார். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். அச்சேறாத குறிப்பை எடுத்தாள, எழுதியவரின் ஒப்புதல் கையெழுத்து தேவை. அவளைத் தேடிப் பிடிக்க அவருக்கு நாலு மாதம் ஆகியிருந்தது.

இருபத்து மூன்று வயதில் அவள் ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை பார்த்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேசட்டைக் கேட்டுக் கேட்டுச் சுரம் எழுதும் வேலை. திட்டம் பாதியில் நின்றது. புத்தகம் வரவில்லை. கேசட்டுகளில் பூஞ்சை பிடித்தது. சீனியம்மாள் இறந்துபோனாள்.

அவள் எழுதிய நோட்டு மட்டும் மிஞ்சியது. அதையும் அவர் கொண்டுவந்திருந்தார்.

"இந்த ஏழாவது வரிதான் மேடம் என் ஆய்வே. சுத்துப்பட்டுல வேற எந்த ஊர்ப் பாட்டுலயும் இந்தச் சுரம் வரல. அந்தம்மாகிட்ட மட்டும்தான் இருந்திருக்கு."

அவள் பேனாவைத் திறந்தாள்.

கேசட்டில், ஏழாவது வரியில் ஒரு பேருந்து போகும்.

வயலை ஒட்டிய சாலையில், ஹாரனை அழுத்திக்கொண்டே. அது போய் முடிவதற்குள் வரியும் முடிந்துவிடும். நாற்பது தடவையாவது ஓட்டிக் கேட்டிருப்பாள். குரல் அகப்படவில்லை. காலி இடம் விடக் கூடாது என்று திட்டத் தலைவர் சொல்லியிருந்தார்.

அந்த வரிக்கான சுரத்தை அவளே போட்டாள்.

இது யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வரிய அவங்க பாடல சார். பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நானா எழுதினது."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அவள் நோட்டை இழுத்தாள். ஏழாவது வரியைச் சுற்றிக் கட்டம் போட்டாள். 'ஒலிநாடாவில் இல்லை' என்று ஓரத்தில் எழுதினாள். கீழே கையெழுத்திட்டாள். பிறகு ஒப்புதல் கடிதத்திலும் போட்டு, இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் ஆய்வேட்டைப் புரட்டினார். எங்கிருந்து எதுவரை நீக்க வேண்டும் என்று பார்த்தார். ஓர் இயல் முழுக்கப் போயிற்று. அறுபத்து நான்கு பக்கம். முதல் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தார். கடைசிப் பக்கத்தையும் மடித்தார்.

திங்கட்கிழமை சமர்ப்பிக்க முடியாது.



"நாலு வருஷமா என் பசங்களுக்கு இதச் சொல்லிக் கொடுத்திருக்கேன் மேடம்," என்றார். "போன ஆண்டு விழாவுலகூடப் பாடினாங்க. இருபது பேர் சேர்ந்து."

அவள் நிமிர்ந்தாள். அந்த வரியை அவள் ஒருநாளும் வாய்விட்டுப் பாடியதில்லை.

"கேக்க நல்லா இருக்கா சார்?"