ஒரு பிள்ளைக்கு ரெண்டு பெட்டி

நர்ஸ் வரிசையில் முன்னால் நின்ற அம்மாவிடம் இரண்டு மாவுப் பெட்டிகளை நீட்டினார்.

டீச்சருக்குக் கிடைத்தது ஒன்றுதான்.

போதாக்குறைக்கு, "இந்த மாசம் மாவு கம்மியாத்தான் வந்திருக்கு, பாத்துக் கலக்குங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

டீச்சருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இன்று நேற்று மூட்டிய அடுப்பு இல்லை அது.

டீச்சர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அதிக மார்க் வாங்குகிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை. இந்தக் கிளினிக்கில் எல்லாம் தலைகீழ். விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் எண் இறங்கியிருந்தால் டாக்டர் சிரிப்பார். ஏறியிருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். டீச்சரின் மகன் விஷயத்தில் மனிதர் துடைத்துத் துடைத்தே கண்ணாடி தேய்ந்துபோயிருக்கும்.

அந்த அம்மாவின் பெண் குழந்தைக்கு மட்டும் எண் ஏறுவதே இல்லை. டீச்சர் மனதுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஃபர்ஸ்ட் ரேங்க் அம்மா.

இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே கோளாறுதான். புரதத்தில் இருக்கும் ஒரு சத்தை உடைக்க அந்த உடம்புகளுக்குத் தெரியாது. அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். அதனால் பால் கூடாது, முட்டை கூடாது, பருப்பு கூடாது. சோற்றைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். மீதிப் பசிக்கும் வளர்ச்சிக்கும் இந்தப் பெட்டி மாவுதான்.

"எங்க பக்கத்துல இப்படி யாருக்கும் கிடையாது" என்று மாமியார் ஒருநாள் ஆரம்பித்தார். டாக்டர் அதற்கும் வழிவிடவில்லை. அம்மா பக்கம் பாதி, அப்பா பக்கம் பாதி என்று சரிசமமாகப் பங்கு வைத்துவிட்டார்.

நோய் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மகனுக்குக் கண்டுபிடிக்கும்வரை டீச்சர் என்ன செய்துகொண்டிருந்தாள்? பிள்ளை பேசவில்லையே, நடக்கவில்லையே, கொஞ்சம் தேறட்டும் என்று பாலும் முட்டையுமாக ஊட்டிக்கொண்டிருந்தாள். மடியில் வைத்து, வேடிக்கை காட்டி, அவன் துப்பத் துப்ப ஊட்டினாள்.

அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் கையைப் பார்க்கப் பிடிக்காது.

அந்தப் பெண்ணோ இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. ஐந்து வயது. டீச்சரின் மகனுக்கு ஆறு. அவன் நாற்காலிக் காலைத் தட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

ஒரே ஒரு தடவை அதற்கும் எண் ஏறினால்தான் என்ன? அந்த நினைப்பு தலைகாட்டியதும் டீச்சர் பதறிப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

பெரிய இடமாக இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்திருப்பார்கள். அதிர்ஷ்டம் பத்தாது என்று மாவிலும் இரட்டைப் பங்கா?

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"ஒரு பிள்ளைக்கு எதுக்குங்க ரெண்டு பெட்டி? இல்லாதவங்களுக்கு ஒண்ண விட்டுக் குடுத்தா என்ன?"

வகுப்பறைக் குரல் அது. கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. பெட்டிகளைப் பைக்குள் வைத்து மூடினார்.

"ஒண்ணு இவளுக்கு. இன்னொண்ணு இவ அண்ணனுக்கு, டீச்சர்."

அண்ணனா? இத்தனை காலத்தில் அப்படி ஒருவனை டீச்சர் பார்த்ததே இல்லை.

"அவன இங்க கூட்டிட்டு வர முடியாது. கூட்டத்தப் பாத்தா தலையில அடிச்சுக்குவான். வீட்லயே ரத்தம் எடுத்து அட்டையில தடவிக் கொண்டு வந்து குடுத்துருவேன்." எதையோ யோசித்துவிட்டு மேலே சொன்னார். "இவ பொறந்தப்பதான் ஒரு டாக்டரம்மா அவன உத்துப் பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ரத்தம் எடுங்கன்னாங்க. அப்ப அவனுக்கு ஏழு வயசு. மாவு குடிக்க ஆரம்பிச்சதுல அடிச்சுக்கிறது கொறஞ்சிருக்கு. பேச்சு மட்டும் இனிமே வராதுன்னுட்டாங்க."

டீச்சருக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எதற்கெல்லாம் என்று தெரியவில்லை. கடைசியில், தன் கஷ்டத்தைச் சொன்னாலாவது சமாதானம் ஆகும் என்று நினைத்தாள்.

"எங்களுக்கும் அப்படித்தாங்க. ரெண்டு வயசுலதான் தெரிஞ்சுது."

சத்தம் கேட்டோ என்னவோ, மகன் எழுந்து வந்து, "வீட்டுக்குப் போலாம்" என்று அவள் சேலையை இழுத்தான். பிறகு தானே குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். இடது காலில் வலது. எல்லோர் முன்னாலும் இப்படி மாற்றி மாட்டி நிற்கிறானே என்று கூசிப்போய், டீச்சர் சரிசெய்யக் குனிந்தாள்.

நிமிர்ந்தபோது, அந்த அம்மா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை, இமைக்காமல்.

அது என்ன பார்வை என்று டீச்சருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ரெண்டு வயசுலயேவா?" என்றார் அந்த அம்மா.