ஒரு பொட்டுகூட வெளுக்கக் கூடாது

“பவுடரைத் துடை.”

பூங்காவில் நாலு பேர் நடக்கிற பாதை என்றும் பார்க்காமல், கணவர் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து மனைவியிடம் நீட்டினார்.

“லேசாத்தாங்க போட்டிருக்கேன்.”

“லேசாவும் வேண்டாம். துடைச்சுடு.”

அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்று துடைத்தாள். கண் ஓரத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

போட்டோகிராபருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக ஜோடி ஜோடியாகப் படம் எடுக்கிறவர். படம் எடுக்கிற நேரத்திலும் செல்போனே கதியென்று நிற்கும் கணவர்களைப் பார்த்திருக்கிறார். வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சுவிட மறந்தவர்களையும் பார்த்திருக்கிறார். இப்படி ஒருத்தரை இப்போதுதான் பார்க்கிறார்.

கணவர் நல்ல சிவப்பு. மனைவி நல்ல கறுப்பு. இப்படி ஒரு ஜோடியைத் திறந்தவெளியில் எடுப்பது தலைவலி பிடித்த வேலை. அவருக்கு ஏற்றபடி வெளிச்சம் வைத்தால் இவள் இருட்டாகிவிடுவாள். இவளுக்கு வைத்தால் அவர் வெளிறிப்போவார். மரத்தடிக்குக் கூட்டிப்போனாலோ, இலையின் பச்சை இரண்டு பேர் முகத்திலும் படியும்.

யோசித்து, நூலகக் கட்டடத்தின் நிழல் முடிகிற இடத்தில் இருவரையும் நிறுத்தினார். மனைவி கையில் ஒரு சாம்பல் நிற அட்டையைக் கொடுத்தார்.

“இது எதுக்கு?” என்றார் கணவர்.

“நிறம் மாறாம வர்றதுக்கு சார். இதை வச்சு ஒரு படம் எடுத்துக்கிட்டா, கம்ப்யூட்டர்ல அளவு பிடிச்சுக்கலாம்.”

“எனக்கு அதுதான் வேணும். இவ நிறம் உள்ளபடியே வரணும். ஒரு பொட்டுகூட வெளுக்கக் கூடாது.”

“கவலைப்படாதீங்க சார். மேடத்துக்கு மட்டும் அப்புறமா நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டுடலாம். எல்லாருக்கும் செய்றதுதான்.”

“கூடாதுன்னு சொல்றேன்ல!”

நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மனைவி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கணவர் காரிலிருந்து பையை எடுக்கப் போனதும், அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணா, நீங்க பார்த்துக் கொஞ்சம் செய்ங்க. அவருக்குத் தெரியவா போகுது.”

“விடும்மா. நான் பார்த்துக்கறேன்.”

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் படத்தில் இவள் நிறத்தை இரண்டு சுற்று வெளுப்பாக்கிவிடுவது என்று போட்டோகிராபர் அப்போதே முடிவு கட்டிவிட்டார். செய்தால் புண்ணியம் என்றுகூடத் தோன்றியது.

கணவர் வந்ததும், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைத் தட்டியை அவள் பக்கமாகச் சாய்த்து வைத்துப் பத்துப் படம் எடுத்தார். கேமராவில் காட்டினார்.

கணவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இவ கை ஒரு நிறமா இருக்கு, முகம் ஒரு நிறமா இருக்கு. கைதான் சரி. அந்தத் தட்டியை எடுத்துடுங்க.”

“போதும்ங்க!” மனைவியின் குரல் உடைந்தது. “நான் கறுப்புன்னு ஊருக்கே போர்டு எழுதி மாட்டணுமா?”

கணவர் குழாயடிப் பக்கம் கையைக் காட்டினார்.

“போய் முகம் கழுவிட்டு வா. கடைசியா ஒண்ணு எடுத்துட்டுக் கிளம்பிடலாம்.”

அவள் குழாயடிக்குப் போனாள். போட்டோகிராபருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்க சார். இல்ல, தப்பாவே நினைச்சுக்குங்க. கட்டின பொண்டாட்டியை இப்படி நாலு பேர் முன்னாடி கூனிக் குறுக வைக்கறீங்களே, நல்லாவா இருக்கு? பக்கத்துல அவங்க கறுப்பா நின்னாத்தான் நீங்க சிவப்புன்னு தெரியும்னா, அதுக்கு வேற ஆளைப் பாருங்க.”

கணவருக்குக் கோபம் வரவில்லை. குழாயடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா தாங்க மாட்டா. எங்க கல்யாணப் படம் ஹால்ல பெருசா மாட்டியிருக்கு. அதுல இவளைச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்து வச்சிருக்காங்க. அதைக் கழட்டிட்டு இந்தப் படத்தை மாட்டணும்.”

“அதுக்கா இவ்வளவு கறார்?”

“எங்களுக்கு ஆறு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. அப்படியே அவ அம்மா நிறம். ஒரு மாசமா அம்மா பக்கத்துலயே போக மாட்டேங்கறா. மடியில உட்கார மாட்டா, தலை வாரிவிடக் கூப்பிட்டா ஓடிடறா. ராத்திரி என் பக்கம் வந்து படுத்துக்கறா. என்ன தப்பு செஞ்சேன்னு தெரியலையேன்னு இவ தினமும் அழறா.”

போட்டோகிராபர் கேமராவைக் கீழே இறக்கினார்.

“போன வாரம் பொண்ணைத் தனியா உட்கார வச்சுக் கேட்டேன். அந்தக் கல்யாணப் படத்தைக் காட்டறா. அப்படியெல்லாம் இல்லடா கண்ணுன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். நான் சொன்னா நம்பல, படத்தைத்தான் நம்பறா.”

“என்ன சார் சொன்னா?”

கணவர் இன்னொரு முறை குழாயடிப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

“‘நான் பொறக்கறதுக்கு முன்னாடி அம்மா வெள்ளையாத்தானே இருந்தாங்க? என் கறுப்பு ஒட்டித்தானே இப்படி ஆயிட்டாங்க? இனிமே நான் தொடாம இருந்தா அம்மா பழையபடி ஆயிடுவாங்களாப்பா’ன்னு கேக்கறா.”