ஹாரன் அடிக்காத தெரு

மாமல்லபுரத்துப் பின்தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைப் பாயில் விரிக்கிறது. பன்னிரண்டு வயது இனாயா கண்மூடிக் கிடக்கிறாள். சம்சாத் பேகம் மகளின் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறாள். போன வருடம் பள்ளிக்கூட மணி அடித்தபோது சுருண்டு விழுந்த பெண் இவள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும், இவளுக்கு அது வெளியேறும் வாசல்கள் சரியாகத் திறப்பதில்லை, திடீர்ச் சத்தம் தாளத்தைக் குலைத்துவிடும் என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் இந்த வீட்டில் அலாரம் கிடையாது, குக்கர் விசில் கிடையாது. வெளியே மீன்காரர் தேவசகாயம் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறார். “பாப்பா எழுந்துச்சா பாயம்மா?” என்று சன்னலோரம் கிசுகிசுக்கிறார். சம்சாத் தலையசைத்து இல்லை என்கிறாள். “தூங்கட்டும், தூங்கட்டும். வவ்வால் மீனு வெச்சிட்டுப் போறேன்.” பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்கிறார். தெருமுனை தாண்டிய பிறகுதான், “மீனேய்!” என்று அவர் குரல் எழுகிறது. சம்சாத் இன்னும் எண்ணுகிறாள். கண்ணைத் திறக்காமலே இனாயா சொல்கிறாள்: “நான் அப்பவே முழிச்சிகினேம்மா. நீ எண்ணிகினு இருந்தியேன்னு சும்மா படுத்துகினு கீறேன்.”