மூத்தவர் பெயர்

“நரின் டவுன்ல சீன சர்க்கார் காசு வாங்காம அவங்க பாஷை சொல்லித் தருதுன்னு பஸ் ஏறி ஏறிப் போனியே, இப்ப ஊரே உன்னைக் கம்பெனி ஆளுன்னு—”

“ஊரு சொல்லிட்டுப் போகட்டும். கதவை விட்டுத் தள்ளுங்க.”

“அந்தச் சீன வாத்தியாரம்மா குடுத்த சிவப்புக் காகித விளக்கை வாசல்ல தொங்கவிட்டியே, அப்பவே நான்—”

“விளக்கைத்தான் கழட்டியாச்சே. படிச்சதையுமா கழட்டி வைக்கறது?”

“எங்கண்ணன் இருக்கிற சபை, புருல்சா. வாயைத் திறக்காதே.”

அவள் கணவன் ஜூமார்ட்டைத் தாண்டி உள்ளே போய், பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்துக் கூடம் நிரம்பியிருந்தது. மேசைக்குப் பின்னால் தங்கச் சுரங்கத்தின் சீன மேலாளர். பக்கத்தில், மொழிபெயர்க்க, ஜூமார்ட்டின் அண்ணன்.

கல்யாணமாகி வந்த நாள்முதல் புருல்சா அவர் பெயரை உச்சரித்ததில்லை. அங்கே எந்த மருமகளும் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லமாட்டாள். அவர் எதிரில் குரல் எழுப்பியதும் இல்லை.

ஊர்த்தலைவர் எழுந்தார்.

“உங்க சுரங்கத்துத் தண்ணி கலந்து எங்க ஓடை கெட்டுப்போச்சு. அதைக் குடிச்சுக் குதிரைக்குட்டிங்க செத்து விழுது. அடுத்தது எங்க பிள்ளைங்கதான். நிறுத்தச் சொல்லுங்க.”

அண்ணன் மேலாளர் பக்கம் திரும்பிச் சீனத்தில் பேசினார். மேலாளர் முகம் மலர்ந்து தலையாட்டினார். அதைப் பார்த்து ஊரும் நம்பிக்கையோடு தலையாட்டியது.

புருல்சா எழுந்தாள்.

பார்வை தரையில்தான் இருந்தது. வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, சீனத்தில் சொன்னாள்.

நீங்கள் புதுச் சாலை போட்டதற்குத் தலைவர் நன்றி சொல்லவில்லை, ஐயா. ஓடை கெட்டுவிட்டது என்றார். குதிரைக்குட்டிகள் சாகின்றன என்றார்.

மேலாளரின் சிரிப்பு நின்றது. அவரும் சீனத்தில்தான் கேட்டார்.

“அப்போ, இவ்வளவு நாளா ஓடைத் தண்ணி நல்லாருக்குன்னு ஊர் சொல்றதா என்கிட்ட சொன்னது யாரு?”

கேட்டவரைத் தவிர, அந்தக் கூடத்தில் இரண்டே பேருக்குத்தான் அது புரிந்தது.

“என்ன கேக்கிறாரு? என்னம்மா கேக்கிறாரு?” என்றார் தலைவர். பின்வரிசையும் அதையே கேட்டது. ஜூமார்ட் கதவருகில் நின்றபடி வேண்டாம் என்று கையசைத்தான்.

புருல்சா முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். பெயர் அவள் நாக்குக்கு வரவில்லை. வரவும் தேவையில்லை.

“மூத்தவரே, அவர் கேட்டதை நம்ம ஊருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்க.”