முள் இல்லாத பூச்சி

பாலத்தடியில் ஓடை ஆழமாகத் தேங்கும் கசத்தில் கிடந்த ட்ரவுட் மீன் பிலோமினாவை மதிக்கவே இல்லை. ஓடைக் கற்களின் அடியில் ஊரும் கருப்புப் பூச்சியைப் போலவே அவள் கோழியிறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டுவாள். தண்ணீரில் விட்டதும் மீன் மேலே வரும், ஒட்டி நின்று பார்க்கும், திரும்பிப் போய்விடும். பூச்சியின் வாலை நறுக்கிப் பார்த்தாள். வயிற்றுக்கு மஞ்சள் நூல் சேர்த்தாள். மறுபடியும் அதே கதைதான்.

“மண்புழுவக் கோத்துப் போட்டா ஒரே நிமிசத்துல மாட்டும். எதுக்கு இந்த வீம்பு?” என்றான் கணவன் ஆரோன்.

“புழுவ எந்த மீனும் திங்கும். நான் கட்டுனத இது திங்கணும்.”

கட்டிங் பிளேயரை எடுத்து, பூச்சியின் வயிற்றுக்குக் கீழே வளைந்திருந்த முள்ளை நறுக்கென்று வெட்டி எறிந்தாள்.

“பைத்தியமா ஒனக்கு? முள்ளு இல்லாம எப்படிப் பிடிப்ப?”

“பிடிக்கவா வந்தேன்? அது நம்பணும், அவ்வளவுதான்.”

வீசினாள். மீன் மேலே வந்தது, பார்த்தது, லபக்கென்று கவ்வியது. இதோ துப்பிவிடும் என்று காத்திருந்தாள். துப்பவில்லை. நூலைத் தளரவிட்டுப் பார்த்தாள். அப்போதும் அது வாயைத் திறக்கவில்லை. கசத்தின் நடுவிலிருந்து நூலோடு அவளையும் மெல்ல இழுத்தது.

பிலோமினா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.