அம்புரோஸின் குப்பி

பந்தை முட்டப் போய் எதிராளியின் தலையோடு மோதி விழுந்தான் ராயபுரம் டீம் ஆட்டக்காரன். குப்பியோடு ஓடினான் அம்புரோஸ். டீமின் முதலுதவிக்காரன் அவன். அவன் குப்பியின் அம்மோனியா நெடி ஏறினால் செத்தவனும் எழுந்து ஆடுவான் என்று பேர்.

புதிதாக வந்திருந்த டாக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"அதை உள்ள வைங்க. இந்த வருஷத்துலேர்ந்து தடை."

"இன்னா சார் பேஜாரா கீது! ஃபைனல் மேட்ச்சு. ஒரு தபா மோந்தா எழுந்துக்குவான்."

"அதான் ஆபத்து. தலையில அடிபட்டவன் படுத்துக் கிடக்கணும். எழுப்பி ஓடவிட்டா, உள்ள ரத்தம் கசியறது யாருக்கும் தெரியாது."

அடிபட்டவனை வெளியே தூக்கிப் போனார்கள். அம்புரோஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வருஷம் இதே ஃபைனல்ல எங்க லாசரு இப்டித்தான் மோதி வுழுந்தான். நான்தான் இத்த காட்டி எழுப்பிவுட்டேன். கடைசி நிமிசத்துல கோல் அடிச்சான் சார்!"

டாக்டரின் முகம் மாறியது.

"அவரை உடனே கூட்டிட்டு வாங்க. நான் பார்க்கணும்."

அம்புரோஸின் கண் பரிசு மேசைக்குப் போனது.

அங்கே 'லாசர் நினைவுக் கோப்பை, 1971' பளபளத்தது. பக்கத்தில், அதை வழங்க வந்திருந்த லாசரின் மனைவி ஃப்ளோரன்ஸ். அம்புரோஸின் கூடப்பிறந்த தங்கை.

கோல் அடித்த அன்றே, தலை வலிக்கிறது என்று படுத்த லாசர் எழுந்திருக்கவில்லை.

"ஊரு கண்ணு பட்டுத்தான் பூட்டாரு" என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருப்பவள், அண்ணனைப் பார்த்ததும் கையசைத்தாள்.